பாய் வாங்கிய வீடு

ஆஸ்பத்திரிக்காரர்கள் அப்பாவின் உடலில் ஒரு காலுக்கு மட்டும்தான் காலுறை மாட்டி அனுப்பியிருந்தார்கள். மற்றதைத் தைமனே மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். குதிகாலைத் தாண்டி ஏற மறுத்தது. கடைசியில் கத்தரிக்கோலால் பின்பக்கத்தைக் கொஞ்சம் வெட்டி, ஒருவழியாகச் செருகி, போர்வையை இழுத்து மூடினாள். அப்பா லஃபாயேலே வாழ்நாள் முழுக்க ரப்பர் செருப்போடு இந்தத் தீவில் பஸ் ஓட்டியவர். சர்ச்சுக்குப் போகும்போதுகூடக் காலுறை போட்டதில்லை.

"அண்ணனுக்கு எதுக்குடி அது? அங்க போன உடனே கழட்டி வீசிருவாரு," என்றார் சித்தப்பா பெசமினோ. சாவு வீட்டில் குடும்பத்துக்காகப் பேசும் பேச்சாளர் தோளில் போட்டுக்கொள்ளும் நார்க்குஞ்சம் அவர் தோளில் கிடந்தது. காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது.

"இருக்கட்டும் சித்தப்பா."

"சரி, வந்து உக்காரு. துக்கத்துக்கு இன்னொரு லாரி ஆளு வந்துருச்சு. பாய் கொண்டுவர்றவங்களுக்குத் திருப்பிக் குடுக்கக் கோழிக்கறிப் பெட்டி தீந்துபோச்சாம். மீன் டப்பாதான் மிச்சமாம். உன் தம்பி பொண்டாட்டி அதுக்கு ஒரு அழுகை அழுவுறா. மாமனார் போனதுக்குக்கூட அவ இவ்வளவு அழல."

தைமனே சிரித்துவிட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு சவப்பெட்டியின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள்.

முற்றத்தில் கறுப்பு உடுத்திய பெண்கள் வரிசையாக வந்தார்கள். முன்னால் இரண்டு பேர் ஒரு மெல்லிய பாயை விரித்துப் பிடித்திருந்தார்கள். சாவு வீட்டுக்கு மரியாதையாகக் கொண்டுவரும் பழைய பாய். பட்டுத்துணிபோல மடிந்தது, ஓரத்தில் சிவப்பு இறகு. அந்த மாதிரிப் பாய் ஒரு வீட்டில் ஒன்று இருந்தாலே பெரிது. கூட்டம் ஒரே குரலில் பாயைப் புகழ்ந்து கத்தியது.

பாயின் வலது முனையைப் பிடித்திருந்தவளைத் தைமனேவுக்குத் தெரியும். லோசிவாலே. ஃபெரெட்டியின் அம்மா.

சிறையிலிருக்கும் சின்ன வயதுப் பையன்களை முன்கூட்டியே விடலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் குழுவில் தைமனே ஓர் அதிகாரி. ஃபெரெட்டி குடிபோதையில் ஒரு கடைக்காரர் மகனின் மண்டையைக் கல்லால் பிளந்தவன். அடிபட்டவன் பிழைத்துக்கொண்டான். ஃபெரெட்டியின் விசாரணை வரும் செவ்வாய்க்கிழமை. காகிதங்களை எல்லாம் படித்தாயிற்று, பையனிடமும் இரண்டு முறை பேசியாயிற்று. அவள் மனதில் முடிவு தயாராக இருந்தது. விடலாம்.

லோசிவாலேயும் அவளைப் பார்த்துவிட்டாள். கால் ஒரு நொடி நின்றது. பாய் நடுவில் தொய்ந்தது. பின்னால் வந்தவள் முதுகில் இடித்து, "நட" என்றாள். லோசிவாலே நடந்தாள்.

வந்தவர்களின் பேச்சாளர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பேச ஆரம்பித்தார். இறந்தவர் அவர்களுக்குச் சொந்தமில்லை, பஸ்காரர். ஆனாலும் சிறையில் பையனைப் பார்க்கப் போகும் நாட்களில், வழியில் இல்லாத அந்த மலைச்சாலையில் பஸ்ஸைத் திருப்பி, வாசலிலேயே இறக்கிவிட்டவர். மற்ற பயணிகள் கத்தினால், "பாட்டைச் சத்தமா வைக்கிறேன், கேட்டுட்டு வாங்க," என்று சொன்னவர். திரும்பும்போதும் வந்து ஹாரன் அடித்து ஏற்றிக்கொண்டவர்.

அப்பா இதையெல்லாம் வீட்டில் சொன்னதே இல்லை.

தைமனே முழங்காலாலேயே நகர்ந்து சித்தப்பாவின் பின்னால் போனாள்.

"சித்தப்பா, அந்தப் பாய வாங்காதீங்க."

அவர் திரும்பாமலேயே, "என்னது?" என்றார்.

"அவ மகன் கேஸு எங்கிட்ட இருக்கு. பாய் வாங்கினா நான் அந்த விசாரணையில உக்காரக் கூடாது. அது விதி."

"யாரு போட்ட விதி?"

போட வைத்தவள் தைமனேதான். முன்பு குழுவில் இருந்த ஒருவர் ஒரு வீட்டிலிருந்து பன்றிகளை வாங்கிக்கொண்டது வெளியே தெரிந்து, அவர் விடுவித்த பையன்கள் அத்தனை பேரையும் மறுபடி உள்ளே இழுத்து வந்தார்கள். தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தவனை மண் ஒட்டிய கையோடு கூட்டி வந்ததைத் தைமனே பார்த்திருக்கிறாள். அதற்கப்புறம்தான் பாய், பன்றி, பணம் எதை வாங்கினாலும் விலகிக்கொள்ள வேண்டும் என்று சண்டைபோட்டு எழுத வைத்தாள்.

"பொணத்துக்கு முன்னாடி வந்த பாயத் திருப்பி அனுப்பச் சொல்றியா? எங்க அண்ணன் முன்னாடி?" சித்தப்பாவின் குரல் தணிந்தது. "அந்தப் பொம்பள அப்புறம் ஊருக்குள்ள தலைதூக்கி நடப்பாளா? நாமதான் நடப்போமா?"

"எனக்கு வந்ததில்ல, அப்பாவுக்கு வந்ததுன்னு சொல்லுங்க."

"உங்கப்பன் எந்திரிச்சு வாங்கிக்குவானா? வீட்டுக்கு வந்தா வீட்டுக்குத்தான். போய் உக்காரு."

அவர் எழுந்து, கட்டிய தொண்டையைச் செருமிக்கொண்டு, அன்றைக்குப் பேசியதிலேயே மிக நல்ல பேச்சைப் பேசினார். பாயை வாங்கிச் சவப்பெட்டியின் பக்கத்தில் வைத்தார்கள். தலை குனிந்திருந்த லோசிவாலே நிமிர்ந்தபோது முகம் தெளிந்திருந்தது. மகன் குற்றம் செய்த மறுநாள் விடியலில் அவள் குடும்பம் இதே மாதிரிப் பாயைத் தலைமேல் போர்த்திக்கொண்டு அந்தக் கடைக்காரர் வீட்டு வாசலில் மண்டியிட்டுக் கிடந்தது. வெயில் ஏறும்வரை யாரும் வெளியே வரவில்லை. பிறகு கடைக்காரர் வந்து பாயை வாங்கிக்கொண்டார். இந்தத் தீவில் பாயை வாங்கிவிட்டால் மன்னித்தாயிற்று. அதற்குமேல் பேச்சில்லை. கோர்ட்டுதான் கேட்கவில்லை.

தைமனே சமையல் கொட்டகைக்குப் பின்னால் போய் ஃபியாசிலிக்குப் போன் செய்தாள். ஃபியாசிலி குழுவின் தலைவி, பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள்.

"அடக்கம் முடிஞ்சுதாடி?"

"இன்னும் இல்லக்கா. செவ்வாக்கிழம ஃபெரெட்டி கேஸுல நான் உக்கார முடியாது. அவங்க வீட்டுப் பாய் எங்க வீட்டுல இருக்கு."

அந்தப் பக்கம் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஃபியாசிலி அதை அணைத்தாள்.

"எப்படிடி?"

"அப்பா பஸ்ஸுலதான் ஜெயிலுக்குப் போய்ட்டு வந்திருக்காங்க. நான் அவரு மகன்னு தெரியாது அவங்களுக்கு."

"மகளா மகனா, பதட்டத்துல என்னென்னமோ பேசுற. தண்ணி குடி மொதல்ல." பிறகு கணக்குப் போட்டாள்: "நீயும் இல்லன்னா நான் ஒருத்திதான். மூணாவது ஆளு ஆக்லாந்துல கிட்னிக்கு மெஷினுல படுத்திருக்கான். ஒருத்தியா உக்கார முடியாது. அடுத்த கூட்டம் பிப்ரவரி."

"தெரியும்."

"பையனுக்கு நவம்பர்ல பதினெட்டு முடியுது. பெரிய ஜெயிலுக்கு மாத்திருவாங்க."

"தெரியுங்க்கா."

"அவனப் பத்தி நீ என்ன நெனச்சிருந்த? வேணாம், சொல்லாத."

"சொல்லல."

ஃபியாசிலி பெருமூச்சு விட்டாள். "எங்கிட்டச் சொல்லாமலே இருந்திருக்கலாம் நீ."

"ஊரே பாத்துச்சுக்கா."

"ஆமா. ஊரே பாத்திருக்கும். திங்கக்கெழம ஆபீஸ்ல இருந்து அவங்க வீட்டுக்கு ஆள் அனுப்பி, விசாரணை தள்ளிப்போச்சுன்னு சொல்லச் சொல்றேன். அதுவரைக்கும் நீ வாயத் தெறக்காத. எதாவது சாப்புடு."

அப்பாவை வீட்டு முன்னாலேயே, அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். பாட்டுப் பாடினார்கள். தம்பி சிமெண்ட் குழைத்தான். தம்பி மனைவி மீன் டப்பாப் பெட்டிகளை லாரி லாரியாகப் பிரித்துக் கொடுத்தாள். லோசிவாலேயின் வீட்டுக்கு எங்கிருந்தோ ஒரு கோழிப்பெட்டியும் கிடைத்தது. அந்தப் பாய்க்கு வெறும் மீன் டப்பா கொடுத்தால் அசிங்கம் என்று சித்தப்பா சொல்லியிருந்தார்.

தைமனே கை கழுவிக்கொண்டிருந்த இடத்துக்கு லோசிவாலே வந்தாள்.

"அம்மா, அவரு உங்க அப்பான்னு சத்தியமா எனக்குத் தெரியாது. பஸ்காரருக்குன்னுதான் கொண்டாந்தோம்."

"தெரியும்மா."

"உங்களப் பாத்ததும் காலு அப்படியே நின்னுபோச்சு. தப்பா நெனச்சிருவீங்களோன்னு." அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்புறம் வாங்கிட்டீங்க."

தைமனே குழாயை மூடினாள். மூடிய குழாயிலிருந்து சொட்டுவதைப் பார்த்தாள்.

"கேஸப் பத்தி நாம பேசக் கூடாதும்மா."

"அய்யோ, பேசல, பேசல. நான் ஒண்ணும் கேக்கல." லோசிவாலே அவள் ஈரக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "வீட்டுல ஒரு ஆளு போனா வெறிச்சுன்னு இருக்கும். அழுகை வந்தா அழுதுருங்க. அதிகாரின்னு அடக்கி வைக்காதீங்க."

"சரிம்மா."

"எனக்குத் தெரியும், நல்லவங்க நீங்க. பஸ்காரரு புள்ள வேற எப்படி இருக்கும்?"

அவள் போய் லாரியில் ஏறினாள். பெண்கள் பின்பக்கப் பலகையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். லோசிவாலே நடுவில் புகுந்து, இரண்டு பக்கமும் இடுப்பால் தள்ளினாள்.

"நகருங்கடி."

"எங்க நகர? ரோட்டுல உக்காரவா?"

"நகருன்னா நகரு. செவ்வாக்கெழம எம்புள்ள இதே லாரிலதான திரும்பி வரணும்? அவன் இப்ப நல்லா வளந்துட்டான். தோளு இவ்வளவு அகலம்."

"எவ்வளவு?"

"இவ்வளவு," என்று பலகையில் கையை விரித்துக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே நகர்ந்தார்கள். ஒருத்தி கோழிப்பெட்டியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

லாரி முற்றத்திலிருந்து சாலைக்குத் திரும்பியது. திருப்பத்தில் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து கூச்சல் போட்டார்கள். நடுவில் காலியாக விட்ட அந்த இடத்தில் மட்டும் யாரும் சரியவில்லை. லோசிவாலே அங்கே உள்ளங்கையை அழுத்தி ஊன்றியிருந்தாள்.