தம்பி எடுத்தது

அந்த வாரம் விற்றது ஒரே ஒரு கழுத்துப்பட்டை. சிவப்பு நாடாவில் வெள்ளை நூலால் 'சுல்தான்' என்று பெயர் தைத்து, பெரிய நாய்க்கான அளவில் கேட்டிருந்தார்கள். மாதக் கடைசியோ, நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் கையை இறுக்கிக்கொண்டார்களோ, தெரியவில்லை. தையல் மிஷின் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிற மிஷினைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல்தான் அவள் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து கணக்கில் உட்கார்ந்தாள். தம்பி கடையை விட்டுப் போனதிலிருந்து அந்தப் பக்கமே அவள் தலைவைத்துப் படுக்கவில்லை. மாதக்கணக்கில் சேர்ந்துபோயிருந்தது.

கடை என்றால் கதவும் பலகையும் உள்ள கடை இல்லை. நெட்டில் ஒரு பக்கம், வீட்டில் ஒரு அறை, அவ்வளவுதான். அவள் தைப்பாள், தம்பி படம் எடுத்துப் போடுவான், வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வான், பார்சல் கட்டுவான். லாபத்தில் ஆளுக்குப் பாதி என்று பேச்சு. நாயின் கழுத்தளவைக் கேட்டால் நாயின் வயதை எழுதி அனுப்புகிற மகராசர்களோடு அவன்தான் பொறுமையாக மல்லுக்கட்டினான். பார்சல் கட்டுவதிலும் அவனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. டேப்பை ஒட்டி முடித்ததும் நுனியைக் கொஞ்சம் உள்ளே மடித்து, பிடித்து இழுக்கத் தோதாக ஒரு காது மாதிரி விடுவான். 'பிரிக்கிறவன் பல்லால கடிக்கக் கூடாதுக்கா' என்பான். இப்போது அவள் கட்டுகிற பார்சல்களைப் பல்லால் கடித்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கும்.

கணக்கு வேலை கேட்பதற்கு எளிது. ஒரு பட்டை விற்றால் முழு விலையும் கணக்கு சாஃப்ட்வேரில் தானாகவே விற்பனை என்று ஏறிவிடும். வாடிக்கையாளர் கட்டிய பணமோ நேரே பேங்குக்கு வராது. நடுவில் உள்ள பேமெண்ட் கம்பெனி அதை வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று நாள் விற்பனையை மொத்தமாகக் கட்டி அனுப்பும். இந்தப் பக்கம் விற்றது, அந்தப் பக்கம் வந்தது, இரண்டையும் ஜோடி சேர்க்க வேண்டும். சேர்ந்தால் திரையில் அந்த வரி பச்சையாகும். ஆனால் ஒரு தடவைகூட அது ஒழுங்காகச் சேர்ந்ததில்லை. வந்தது எப்போதும் விற்றதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். பத்து இருபது ஆர்டர் ஒன்றாக வரும்போது எது எங்கே குறைந்தது என்று யார் பிரித்துப் பார்ப்பது? குறைந்த தொகையை எந்தத் தலைப்பில் போட என்று சாஃப்ட்வேர் கேட்கும். ஏதாவது ஒன்றில் போட்டால்தான் பச்சையாகும்.

புதியது மேலே வரும் என்பதால் முதலில் சுல்தானின் வரி வந்து நின்றது. விற்றது ஆயிரத்து இருநூறு. பேங்குக்கு வந்தது முப்பத்தைந்து குறைவாக. அதன் கீழே மஞ்சள் கட்டத்தில் சாஃப்ட்வேர் வழக்கம்போல மரியாதையாகக் கேட்டது: 'தம்பி எடுத்தது. சரியா?'

கை பழக்கத்தில் 'சரி'யை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றுவிட்டது.

தம்பிதான் இல்லையே. அவன் போன அன்றே பாஸ்வேர்டைக்கூட மாற்றிவிட்டாளே.

எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தாள். மஞ்சள் கட்டம் அங்கேயேதான் இருந்தது. அந்தத் தலைப்பை உருவாக்கியவள் அவளேதான். கடை தொடங்கிய புதிதில் தம்பியின் போன் தண்ணீரில் விழுந்து செத்துப்போனது. புதுசு வாங்க அவளைக் கேட்டுக்கொண்டுதான் கடைப் பணத்தில் கொஞ்சம் எடுத்தான். அதை எழுத ஒரு தலைப்பு வேண்டும் என்று 'தம்பி எடுத்தது' என்று போட்டாள். அந்த மாதம் ஜோடி சேராமல் நின்ற தொகையும் அந்தப் போனில் சேர்ந்ததாகத்தான் இருக்கும் என்று அதையும் அங்கேயே தள்ளினாள். சாஃப்ட்வேர் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. அடுத்த முறை அதுவே அந்தத் தலைப்பை எடுத்து நீட்டியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு 'சரி' போட்டாள். அப்புறம் எல்லா முறையும் போட்டாள்.

வருடக் கடைசியில் அறிக்கை எடுத்தபோது அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தம்பி தன் பங்கு முழுவதையும் ஏற்கெனவே எடுத்துத் தீர்த்திருந்தான். திருடன் என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. டீ கொடுத்து, லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பி, "நீயே பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னாள். அவன் ரொம்ப நேரம் பார்த்தான். அவள் முகத்தையும் ஒரு தடவை பார்த்தான். "சரிக்கா" என்றான். டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். அடுத்த வாரம் ஏதோ குடோனில் வேலைக்குச் சேர்ந்ததாகத் தகவல் வந்தது. அவன் சண்டை போடாததுதான் அவளுக்கு ருசுவாகிவிட்டது. கை சுத்தமானவன் குதிக்க மாட்டானா? "விடு, கூடப் பொறந்தவன்தானே, தின்னுட்டுப் போறான்" என்று வீட்டுக்காரர் பெருந்தன்மையாகச் சொன்னார். அந்தப் பெருந்தன்மையில் குற்றம் இன்னும் கெட்டியாகிப்போனது.

அவள் பேமெண்ட் கம்பெனியின் பக்கத்துக்குள் போனாள். சுல்தானைத் தேடி எடுத்தாள். ஒளிவுமறைவே இல்லை. கமிஷன் இவ்வளவு, கமிஷனுக்கு ஜிஎஸ்டி இவ்வளவு, மீதி பேங்குக்கு. பழைய பட்டியல்களைத் திறந்தாள். அங்கேயும் அதே கமிஷன், அதே ஜிஎஸ்டி. அளவு பொருந்தாமல் திரும்பி வந்த பட்டைகளுக்குக் கொடுத்த பணத்தையும் அவர்கள் அதிலேயே கழித்துக்கொண்டிருந்தார்கள். கமிஷனைவிட அதுதான் பெரிய தொகை.

அப்புறம் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. 'கமிஷன்' என்று ஒரு தலைப்பு, 'திருப்பிக் கொடுத்தது' என்று ஒன்று, பேமெண்ட் கம்பெனியின் பெயரில் நடுவில் ஒரு கணக்கு. விற்றது முதலில் அந்த நடுக் கணக்குக்குள் வரட்டும். கழிப்பதை அங்கேயே கழித்துவிட்டு மீதி பேங்குக்குப் போகட்டும். தம்பியின் தலைப்பிலிருந்து ஒவ்வொரு வரியாகப் பெயர்த்து, அது இருக்க வேண்டிய இடத்தில் வைத்தாள். ஒரு காசு மிச்சமில்லாமல் ஜோடி சேர்ந்தது. பச்சை, பச்சை, பச்சை. வேறு நாளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். இப்போது ஒவ்வொரு பச்சைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கடைசியில் 'தம்பி எடுத்தது' என்ற தலைப்பில் அந்தப் போன் மட்டும் மிஞ்சியது.

லாபம் பாதிக்குப் பாதியாக இறங்கியிருந்தது. அவள் தன் பங்கு என்று எடுத்ததுதான் உண்மையில் இருவருக்கும் சேர்த்து இருந்த மொத்தமும். அதில் வாங்கிய புது மிஷின் அறைக்குள் உறை போட்டு நின்றது.

சாப்பிட வந்த வீட்டுக்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, யாரு போயிட்டா?" என்றார்.

"அவன் எடுக்கலங்க. எதையுமே எடுக்கல. நான்தான் அவன் பேர்ல எழுதிக்கிட்டே வந்திருக்கேன்."

அவர் சோற்றில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டார். "போன் பண்ணிச் சொல்லிரு" என்றார் கொஞ்சம் கழித்து.

"போன்ல சொல்ற விஷயமா இது?"

அவர் எழுந்து போய் அவளுக்குக் குடை எடுத்துக் கொடுத்தார்.

குடோன் ஊருக்கு வெளியே, லாரிகள் திரும்புகிற சாலையில் இருந்தது. லேப்டாப் ஒரு தோளில், சுல்தானின் பார்சல் கையில். திரும்பும் வழியில் கூரியரில் போட்டுவிடலாம் என்று எடுத்து வந்திருந்தாள். கேட்டுக்காரர் உள்ளே சொல்லி அனுப்பினார். தம்பி நீல மேல்சட்டையோடு வந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் பதறிப்போய், "யாருக்கு என்னாச்சு?" என்றான்.

"ஒண்ணும் ஆகல. உக்காரு."

மதில் ஓரம் அடுக்கியிருந்த மரப்பலகைகள் மேல் உட்கார்ந்தார்கள். அவள் லேப்டாப்பைத் திறந்து அவன் பக்கம் திருப்பினாள். அன்றைக்குத் திருப்பியது போலவேதான். அது நினைவுக்கு வந்ததும் கை கூசியது. சுல்தானின் முப்பத்தைந்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள்.

"கமிஷன் புடிப்பாங்கன்னு உனக்குத் தெரியாதா?" என்றான் கடைசியில்.

"தெரியாது."

"நான்தானே அவங்ககிட்ட பதிவு பண்ணேன். அன்னைக்கே உன்கிட்ட சொன்னேனேக்கா. நீ தச்சுக்கிட்டிருந்த. உம்உம்னு தலையாட்டின."

மிஷின் ஓடும்போது யார் எதைச் சொன்னாலும் அவள் தலையாட்டுவாள். அது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

"அப்ப ஏன்டா அன்னைக்கு வாயத் தொறக்கல? இது கமிஷன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அவன் லேப்டாப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தான். "நீ தெரிஞ்சேதான் எழுதியிருக்கன்னு நெனச்சேன். புது மிஷின் வாங்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்த. என் பங்கு குடுக்க மனசில்ல, நேரா சொல்லவும் முடியல, அதான் இப்படி ஒரு வழி பண்ணியிருக்கன்னு..." நிறுத்தினான். "அக்காதானே, போகட்டும்னு விட்டுட்டேன்."

அவள் அவனைத் திருடன் என்று நினைத்து மன்னித்திருந்தாள். அவன் அவளை மோசக்காரி என்று நினைத்து மன்னித்திருந்தான். இத்தனை மாதமும் இரண்டு பேரும் தத்தம் பெருந்தன்மையை நினைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறார்கள். அவள் லேப்டாப்பை மெதுவாக மூடினாள்.

"கையில பணம் இல்லடா. எல்லாம் மிஷின்ல கெடக்கு. அதுல பாதி உன்னுது."

"எந்தப் பாதி? ஊசி இருக்கற பாதியா, பெடல் இருக்கற பாதியா?"

அவள் சிரித்துவிட்டாள். அவன் முழுதாகச் சிரிக்கவில்லை. உதடு கொஞ்சம் அசைந்து பழைய இடத்துக்கே போய்விட்டது.

"திரும்பி வந்துடறியா?"

உள்ளே யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். எழுந்தவன், பலகை மேல் கிடந்த பார்சலை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். டேப் கோணல்மாணலாகச் சுருங்கி ஒட்டியிருந்தது. "என்னக்கா இது, காயத்துக்குக் கட்டுப் போட்ட மாதிரி" என்றான். மேல்சட்டைப் பையிலிருந்து குடோன் டேப் சுருளை எடுத்தான். அவள் ஒட்டியதை மெதுவாக உரித்துவிட்டு, புதிதாக ஒன்றை நேராக இழுத்து, கட்டை விரலால் அழுத்திக்கொண்டே போனான்.

உள்ளே மறுபடியும் கூப்பிட்டார்கள். "வரேன்" என்று கத்தினான். கத்திவிட்டு, டேப்பின் நுனியை அவசரமில்லாமல் உள்ளே மடித்துக் காது விட்டான்.