புரொமெனேரா

அண்ணன் சுவீடனிலிருந்து வந்து ஒன்பது நாளாகிறது. நான் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பாவின் சாவுக்கு வராத மனிசனுக்குச் சோறு போடுவேன், பாய் விரிப்பேன், கதை மட்டும் கிடையாது. லீவு இல்லையாம், டிக்கெட் இல்லையாம். இருக்கட்டுமே!

எங்கள் ஊர் கிரானில் வயல் வட்டையில் விதைப்புத் தொடங்கிவிட்டது. இனி வயல் பக்கம் மாடு நிற்கக் கூடாது, மேட்டுத் தரைக்குச் சாய்த்துக்கொண்டு போய்விட வேண்டும். அப்பாவுக்குப் பிறகு மாட்டுப் பட்டி என் பொறுப்பு. விடிந்ததும் நான் வெளிக்கிட, அண்ணனும் பின்னால் வந்தார். நான் கூப்பிடவில்லை.

அவர் வாய் சும்மா இருந்தால்தானே!

"மேனுகா, அங்க ஞாயிற்றுக்கிழமையில எல்லாரும் சும்மா உலாத்துவாங்க. புரொமெனேரா எண்டு சொல்றது. அந்தச் சொல்லு பிரெஞ்சில இருந்து வந்ததாம், பிரெஞ்சுக்கு லத்தீன்ல இருந்து. லத்தீன்ல என்ன கருத்துத் தெரியுமா? மாட்ட அதட்டிச் சாய்ச்சுக்கொண்டு போறது."

அங்கே சுவீடிஷ் படிப்பித்த ரீச்சர் இதை வகுப்பில் சொன்ன அன்று, அண்ணன் கழிப்பறைக்குள் போய் நின்று அழுதாராம்.

"முப்பது வருசமா மாடில்லாமச் சாய்ச்சுக்கொண்டு திரியிறன்" என்றார்.

"மாடில்லாம நடக்கிறதுக்கு என்னத்துக்கு ஒரு சொல்லு?"

வாய் தவறிக் கேட்டுவிட்டேன். எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது.

அந்த நேரம் பார்த்து, முன்னால் போன கிடாரி முகைதீன்பாவாவின் வயலுக்குள் திரும்பியது. நேற்று விதைத்த வயல். பட்டி முழுக்க அதன் பின்னால். எங்கள் மாடுகள் கம்புக்கு அடங்காது, குரலுக்குத்தான் அடங்கும். எனக்கோ சளி, தடிமன். கத்தினால் காற்றுத்தான் வந்தது.

"கூப்பிடுங்கண்ணா!" என்று அவரைப் பிடித்துத் தள்ளினேன்.

வெட்கப்பட்டுச் செருமினார். பிறகு, "ஏஏஏய்... வா, வா, வா, ஹோ!"

ஐயோ, அது அப்பாவின் குரல். அதே இழுவை, முடிவில் அதே உடைவு. கிடாரி நின்றது, காது கொடுத்தது, திரும்பிப் பாதைக்கு ஏறியது. மற்றதுகளும் ஏறின. நான் வரம்பில் குந்திவிட்டேன்.

அப்பா போன இந்த மூன்று வருசமாக வேண்டுமென்றே சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"கடைசி ரெண்டு நாளும் அப்பா என்ட பேரச் சொல்லல்ல. பக்கத்திலயே இருந்தன், சொல்லல்ல. உங்களத்தான் கூப்பிட்டவர். விஜீ, விஜீ எண்டு."

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. மாடுகள் ஒழுங்காகப் பாதையில்தான் போய்க்கொண்டிருந்தன. கூப்பிட வேண்டிய தேவையே இல்லை. அவர் வயலுக்கு அப்பால் கிடந்த வாவிப் பக்கம் திரும்பி நின்று, அப்பாவின் அதே குரலில் இன்னொருதரம் கூப்பிட்டார்.