நாற்பது நிமிட உறுமல்

மேசைக்கு அடியில் குனிந்து, கட்டிங் பிளேயரால் அந்த ஒயரை மூன்றாவது இடத்தில் வெட்டினார் மைக்செட்காரர். நறுக். நான்காவது இடம். நறுக்.

அரை மணி நேரமாக அரங்கை அரித்துக்கொண்டிருந்த 'உர்ர்ர்' போன இடம் தெரியவில்லை. கெட்ட ஒயரைக் கண்டால் துண்டு துண்டாக்குவது அவருடைய இருபது வருடப் பழக்கம். சும்மா தூக்கிப் போட்டால் எவனாவது எடுத்து மறுபடி செருகிவிடுவான்.

புது ஒயரை மாட்டிவிட்டு நிமிர்ந்தார். எதிரே மச்சினி. மனைவியின் தங்கை. சத்தத்தை வளைத்து மாற்றும் மின்பெட்டி ஒன்றை இன்று இந்த மேசையில் வைத்து வாசிக்கப்போகிறவள்.

"மாமா, இங்க ஒரு சத்தம் இருந்துச்சே?"

"கதைய முடிச்சாச்சு. குப்பை ஒயரும்மா. ஒரு முனைய உன் பெட்டியில சொருகிட்டு, இன்னொரு முனைய அந்தரத்துல விட்டிருக்கான் ஒரு மடையன்."

"அந்த மடையன் நான்தான்."

அவர் துண்டுகளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"பழைய சாமான் கடையில தேடித் தேடி எடுத்த ஒயர் மாமா. மெட்டு கிட்டு எதுவும் என்கிட்ட கிடையாது. அந்த உறுமலத்தான் இழுத்து, நறுக்கி, மடிச்சு வாசிக்கிறேன்."

இரண்டு வருடம் படுக்கையறையில் ஹெட்போனோடு பழகியவள். ஆட்கள் முன்னால் இதுதான் முதல் முறை. இன்று வாசிக்காமல் இறங்கினால் மறுபடி ஏறமாட்டாள். அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

நிகழ்ச்சி நடத்தும் அம்மாள் கடிகாரத்தைத் தட்டினார். "ஏழு நிமிஷம். அதுக்குள்ள ஆரம்பிக்கலன்னா அடுத்தவங்கள ஏத்திடுவேன்."

மைக்செட்காரர் வண்டிக்கு ஓடினார். இரண்டு பெட்டி ஒயரைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகச் செருகினார். எல்லாம் பச்சைப் பிள்ளை தூங்குவதுபோல அமைதி.

"ஒரே ஒரு கெட்ட ஒயர்கூடவா இல்ல மாமா?"

"இருந்தா வெட்டியிருப்பேனே."

கூட வாசிக்கவந்த டிரம்ஸ்காரன் குச்சியால் முதுகு சொறிந்துகொண்டு, "அண்ணே, மனசு வெச்சு எதையாவது ரிப்பேர் ஆக்குங்க," என்றான்.

ஒரு நிமிடம் பாக்கி.

"நீ போய் முகத்தக் கழுவிட்டு வந்து உக்காரு," என்றார் மைக்செட்காரர். "வரும்."

அவள் திரும்பிவந்தபோது விளக்குகள் அணைந்துவிட்டிருந்தன. மாமாவைக் காணோம். தரைவரை கறுப்புத் துணி தொங்கிய மேசைமுன் உட்கார்ந்து, பெட்டியின் குமிழைத் திருகினாள்.

உர்ர்ர்.

வந்துவிட்டது. முன்பைவிடத் தடிமனாக, ஆனால் ஒரு நிலையில் நிற்காமல். மெலிந்தது, தடித்தது. பழகிவைத்திருந்த எதுவும் அதற்குப் பொருந்தவில்லை. பழகியதைத் தூக்கிப்போட்டுவிட்டு அதன் பின்னாலேயே போனாள். சத்தத்தைத் துண்டாக்கி எறிந்தாள். டிரம்ஸ்காரன் அதைச் சிம்பல் தட்டின் விளிம்பில் பிடித்துத் திருப்பி எறிந்தான். முன்வரிசைப் பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையின் அதிர்வைக் காலால் கேட்டார். மூன்றாம் வரிசையில் அவள் அக்கா, பக்கத்துக் காலி நாற்காலியை முறைத்துக்கொண்டிருந்தாள்.

நாற்பது நிமிடம். குமிழைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தாள். கைத்தட்டல்.

அக்கா மேடைக்கு வந்துவிட்டாள். "உங்க மாமா எங்கடி? இந்த மாதிரி சத்தம்னா டீ குடிக்க ஓடிருவாரே."

"தெரியலக்கா. எனக்கு இப்ப அந்த ஒயர்தான் வேணும். அத வெட்டிடப் போறாரு."

மேசைத் துணியைத் தூக்கினாள்.

உள்ளே, முழங்காலில் தாடை இடிக்க, வேர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்தார் மாமா.

"முடிஞ்சுதாம்மா? கைய எடுக்கலாமா?"

"எந்த ஒயர் மாமா அது?"

"புது ஒயர்தான். அதுல ஒரு கோளாறும் கிடையாது." திறந்துகிடந்த மறுமுனையை அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தன. "முனையில ஆள் கை பட்டா இரையும். இருபது வருஷமா எல்லாரையும் கைய எடு, கைய எடுன்னு திட்டினவன் நான். இன்னிக்கு நீ வாசிச்சது ஒயர இல்லம்மா. என்னைத்தான்."