ஐஸ் மிச்சமான நாள்

யக்ஞநாராயணன் சாரின் மஞ்சள் லேசர் சித்திரையில் செத்துப்போனது. அப்படித்தான் அவர் சொன்னார்.

பொருட்காட்சியில் விற்கிற சிவப்பு லேசர் இல்லை அது. பேனாவைவிடக் கொஞ்சம் தடிமன், 593.5 நானோமீட்டர், சாமந்திப் பூ நிறம். சிவப்பையும் ஊதாவையும் நானே கட்டிவிடுவேன். பழுதான டிவிடி ரைட்டரைப் பிரித்தால் சிவப்பு டயோடு, புளூரே டிரைவைப் பிரித்தால் ஊதா. மஞ்சள் அப்படி வராது. கண்ணுக்குத் தெரியாத இரண்டு கதிர்களைக் கடுகளவு படிகத்துக்குள் சேர்த்தால்தான் பிறக்கும். அதை என்னால் கட்ட முடியாது. வாங்கவும் முடியாது. அதனாலேயே அது வேண்டும் என்று இருந்தது.

லேசர் பைத்தியங்களுக்கென்று இணையத்தில் ஒரு மன்றம் உண்டு. அதில் ஊர் சிட்லபாக்கம் என்று அவர் போட்டிருந்தார், பக்கத்திலேயே தாம்பரம் சானடோரியம் என்று நான் போட்டேன், வீட்டுக்கு வரச் சொன்னார். பையன் வருவான் என்று நினைத்திருக்கிறார். வாசலில் என்னைப் பார்த்து, "யாரும்மா வேணும்?" என்றார். எனக்கு இது புதிதில்லை. பிஎஸ்சி இயற்பியல் என்றால் டீச்சர் வேலைக்கா என்று கேட்கிறவர்கள், மீன்காரம்மா பெண் என்றால் அதையும் கேட்கமாட்டார்கள். ஆனாலும் சார் உள்ளே கூப்பிட்டார். அமெரிக்காவிலிருந்து மகன் அனுப்பிய லேசர்களை வெல்வெட் பெட்டியில் நிறவாரியாக அடுக்கியிருந்தார். நான் கட்டுகிறவள், அவர் சேர்க்கிறவர். இரண்டு பேருக்கும் பேச வேறு ஆள் இல்லை. ஞாயிறுதோறும் போனேன்.

மஞ்சளை என் கையில் கொடுத்தபோது, "செத்தது செத்ததுதான் ஷர்மிளா. உயிர் வந்துதுன்னா நீயே வெச்சுக்கோ" என்றார்.

பெருங்களத்தூரில் ஒரு கம்பெனியில் பவர் சப்ளை டெஸ்டிங் எனக்கு. ஷிஃப்டு முழுக்க நின்றுவிட்டு வந்து, காலைக்கூட நீட்டாமல் அதோடு உட்கார்ந்தேன். பாட்டரி நன்றாக இருந்தது. கரண்ட் ஓடியது. வெளிச்சம்தான் இல்லை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியில் புத்தி வந்தது. மார்கழியில் வந்த பொருள். மாசி வரை எரிந்தது, பங்குனியில் மங்கியது, சித்திரையில் நின்றது. செத்துப்போகவில்லை. மெட்ராஸ் வெயில் தாங்கவில்லை, அவ்வளவுதான். படிகம் சூடேறினால் மஞ்சள் பிறக்காது.

எங்கள் வீடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஃப்ரிட்ஜ் கிடையாது. ஐஸ் உண்டு, அம்மாவின் தெர்மாகோல் பெட்டியில். லேசரை இரண்டு பிளாஸ்டிக் கவரில் சுற்றி அதில் வைத்தேன்.

"இன்னாடி இது, சங்கரா மீனு பக்கத்துல டார்ச்சு வெச்சிகீற?"

"சூடு ஆறணும்மா."

"அதுக்குக்கூட ஐஸ் வெக்க ஆள் கீது. எனக்குத்தான் ஒர்த்தரும் வெக்க மாட்றாங்க" என்றாள் அம்மா.

எடுத்து, துடைத்து, பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து அழுத்தினேன். எரிந்தது. மஞ்சள் கரைத்துத் தெளித்த ஒரே ஒரு சொட்டு. கையின் சூடு ஏறியதும் போய்விட்டது.

ரிப்பேர் செய்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நடந்தபடி சொன்னேன். சார் சிரித்தார்.

"அப்போ அது சாகவே இல்லையே. நீ ஒண்ணும் ரிப்பேர் பண்ணலையே."

லேசரைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவர் அழுத்திப் பார்த்தார். தலைக்குமேல் ஃபேன் அனல் காற்றை இறைத்துக்கொண்டிருந்தது. எரியவில்லை. ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லி மனைவி அபிதகுஜாம்பாளிடம் கொடுத்தார்.

மாமி சமையலறை வாசல் வரை போய் நின்றார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கேள்வி என்னிடம் வந்தது.

"இதை எதுல வெச்சிருந்தே?"

"அம்மாவோட மீன் பெட்டியில."

துடைத்துத்தான் கொண்டுவந்திருந்தேன். லேசரை சோப்பு போட்டா கழுவ முடியும்? மாமி திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். தரையில் பழைய பேப்பரை விரித்து, அதன்மேல் லேசரை வைத்தார். "ஃப்ரிட்ஜுல பால் இருக்கு" என்று மட்டும் சொன்னார். கை கழுவும் சத்தம் உள்ளேயிருந்து கேட்டது.

மார்கழி வரைக்கும் பொறுத்தால் தானாக எரியும் என்று சாரிடம் சொன்னேன். அவர் பேப்பரைப் பார்த்தார், சமையலறையைப் பார்த்தார், என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"இந்த ஆத்துல இது செத்ததுதான். நீயே எடுத்துண்டு போயிடு."

குனிந்து எடுத்துக் கொடுக்கக்கூட இல்லை. உங்கள் பொருள் உங்களோடு இருக்கட்டும் என்று எழுந்து வந்திருக்கலாம். கோபக்காரி என்று பெயர் எடுத்தவள்தானே நான். ஆனால் அது எனக்கு வேண்டும். நானே குனிந்து எடுத்துக்கொண்டேன். ஏரிக்கரை ஓரமாக நடந்து வருகையில், இனி ஞாயிற்றுக்கிழமை நான் போகவேண்டிய இடம் எதுவும் இல்லை என்று தெரிந்தது.

வீட்டில் அம்மா பெட்டியைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். மீன் மொத்தமும் விற்றுவிட்டதாம், தண்ணியாய்ப் போன ஐஸைச் சாக்கடையில் ஊற்றிவிட்டாளாம். நல்ல நாள் அது. ஐஸ் மிஞ்சாததால் அன்றைக்கு மஞ்சள் எரியவில்லை. அடுத்த நாளும் மீன் விற்றது, எரியவில்லை.

தெருவே கவுச்சி தொடாத வைகாசி கிருத்திகையை அம்மா மறந்துவிட்டாள். மீன் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போயிருக்கிறாள். ஒரு கதவும் திறக்கவில்லை. பொழுது சாய்கையில் கனமான பெட்டியை இறக்கிவிட்டு, புடவை முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி சுவரில் சாய்ந்தாள். நானும் ஷிஃப்டு முடிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஐஸ் நெறைய கீது. உன் டார்ச்ச வெச்சிக்கோ."

வேண்டாம் என்றேன். அவளே எழுந்து, அலமாரியிலிருந்து எடுத்துக் கவரில் சுற்றி ஐஸுக்குள் வைத்தாள். பிறகு நான் அதைத் துடைத்துச் சுவரைப் பார்த்து அழுத்தினேன். இவ்வளவு பளிச்சென்று அது ஒருநாளும் எரிந்ததில்லை.

அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளிக்கும் எரியுமாடி?"

"எரியாதும்மா. நாளைக்கு எரியாது."