ஓர் அறை, இரண்டு பார்ட்டி

அதை லிஃப்ட் என்று சொல்ல வாய் வராது. சோப்புத்தூள் மூட்டைகளை ஏற்றி இறக்கிய இரும்புக் கூண்டு. பழைய சோப்பு ஆலையைக் கூறு போட்டு வீடுகளாக்கியவர்கள் கூண்டை மட்டும் அழகுக்கென்று அப்படியே விட்டுவிட்டார்கள். உள்ளே நிற்பவர் உள்கம்பிக் கதவை இழுத்து மூட வேண்டும். மாடியில் நிற்பவர் வெளிக்கம்பிக் கதவைச் சாத்த வேண்டும். எந்த மாடியிலாவது ஒரு கம்பி திறந்து கிடந்தால் கூண்டு நகராது.

மேல்மாடிக்கு வந்து சேர்வதற்குள் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டு நேரத்துக்குள் கண்ணாடிக் கடைக்குத் திரும்ப வேண்டும். கண்ணுக்குப் பவர் பார்க்க ஆட்கள் வந்துவிடுவார்கள். தவிர, கணவருக்கு இது தெரியாது. வீட்டை வாடகைக்குப் பேசி முடித்து, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அப்புறம்தான் 'நான் போறேன்' என்று சொல்வதாகத் திட்டம். சாவி இல்லாமல் சொன்னால் பேசியே உட்கார வைத்துவிடுவார். பதினோரு வருஷமாக அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

"சமையல் இங்க, படுக்கை இங்க, ஆபீஸ் வேணும்னா இங்க." புரோக்கர் நின்ற இடத்திலேயே திரும்பித் திரும்பிக் காட்டினார்.

"நீங்க ஒரு சுத்து சுத்துனா வீடு முழுக்கப் பாத்தாச்சு."

"பெருக்குறதும் சுலபம் மேடம்."

ஆள் உயர ஜன்னல்கள். எதிரே புகைபோக்கி, அதன் உச்சியில் ஏதோ செடி. இந்த வெறும் சுவர்களுக்கு நடுவில் நிற்கும்போது மூச்சு சீராக வருவதைக் கவனித்தாள். சரி, இதுதான்.

புரோக்கரின் போன் அடித்தது. "மேல வாங்க சார்." திரும்பி அசட்டுச் சிரிப்பு சிரித்தார். "இன்னொரு பார்ட்டி மேடம். தப்பா நினைக்காதீங்க."

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? தெரிந்த வித்தைதான். ஒரே நேரத்துக்கு இரண்டு பேரை வரவழைத்தால், கை நழுவிவிடுமோ என்று இரண்டு பேருமே சீக்கிரம் தலையாட்டுவார்கள். வரப்போகும் ஆளின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல், குழாயைப் பார்க்கிறேன் என்று குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த வீட்டில் சாத்த முடிந்த கதவு அது ஒன்றுதான்.

கூண்டு கிறீச்சிட்டு நின்றது. செருப்புச் சத்தம். அப்புறம் சுவரில் விரல் முட்டியால் தட்டும் சத்தம். டொக். டொக் டொக்.

அவள் குழாயிலிருந்து கையை எடுத்தாள். விபத்தான கார்களுக்கு மதிப்புப் போடுகிற அவள் கணவர் தட்டுகிற தட்டு அது. கார்க் கதவில் நசுங்கலைப் பட்டி பூசி மறைத்திருக்கிறார்களா என்று பார்க்கிற தட்டு. வாங்கிய பீரோ, பெண் பார்க்க வந்தபோது அவள் வீட்டு மேஜை, எதையும் விட்டதில்லை.

"மழைக்கு மேல ஒழுகுமா? மோட்டார் பொதுவா, தனியா? பக்கத்து வீட்டுச் சத்தம் கேக்குமா?"

சற்றுமுன் அவள் புரோக்கரிடம் கேட்ட அதே கேள்விகள், அதே வரிசையில். யாருக்காவது பார்க்கிறாரோ?

"எத்தனை பேர் சார் இருக்கப் போறீங்க?"

"நான் மட்டும்தான்."

மூச்சை அடக்கினாள். ஆனால் சுவருக்குள் இன்னும் சோப்புத்தூள் மிச்சமிருந்தது. மூக்கு அரித்தது. வாயைப் பொத்தினாள். பலிக்கவில்லை. அடுக்கடுக்காகத் தும்மினாள்.

வெளியே தட்டும் சத்தம் நின்றது.

"தண்ணி குடி," என்றது அந்தக் குரல், வீட்டில் எப்போதும் சொல்கிற மாதிரி, தன்னை அறியாமல்.

இனி ஒளிய என்ன இருக்கிறது? கதவைத் திறந்தாள். ஒருவரையொருவர் பார்த்தார்கள். புரோக்கர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். போட்டி சூடு பிடித்துவிட்டது என்று அவருக்கு ஒரே குஷி.

"மேடத்துக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு சார். யார் முந்துறாங்களோ அவங்களுக்கு."

"மேடம் எதுக்கு எடுக்குறாங்க?"

"இருக்கத்தான்," என்றாள். "தனியா. சாருக்கு?"

"அதேதான்."

கோபம் வந்தது அவளுக்கு. விட்டுப்போக வேண்டியவள் அவள். அதற்காக எத்தனை நாள் தூக்கம் கெட்டிருக்கிறாள். இவர் பாட்டுக்கு முந்திக்கொள்வதா?

"ஒண்ணு கேக்கறேன்," என்றார் அவர், புகைபோக்கியைப் பார்த்தபடி. "ரெண்டு பேரும் கிளம்பிட்டா அந்த வீட்டுல யார் இருக்கறது?"

அவள் குளியலறைக் கதவை இழுத்துச் சாத்தினாள். அவர் திரும்பினார்.

"நீ இதை எடுத்துக்கோ. நீ இல்லைன்னா அந்த வீடும் எனக்கு ஒரு ஆள் வீடுதான்."

புரோக்கரின் சிரிப்பு மெல்ல உதிர்ந்தது. "நீங்க ரெண்டு பேரும்..."

"சாவியைக் குடுங்க," என்றாள் அவள். "கையெழுத்து எங்க போடணும்னு சொல்லுங்க. போடறேன்."

அவள் கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்கியதும், கணவர் கூண்டுக்குள் நின்று உள்கம்பியை இழுத்துவிட்டுக் காத்திருந்தார். வெளிக்கம்பியை அவள்தான் சாத்த வேண்டியிருந்தது. சாத்தினாள். கூண்டு அசையவில்லை. கீழே எவனோ கம்பியைத் திறந்து போட்டிருக்கிறான்.

இரண்டு கம்பிகளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றார்கள். சாவி அவள் உள்ளங்கையில் குத்தியது.

"இது நீங்க பாக்குற எத்தனாவது வீடு?" என்று கேட்டாள்.

கீழே கம்பி அறையும் சத்தம். கூண்டு ஒரு உலுக்கு உலுக்கி இறங்கியது. முதலில் செருப்பு மறைந்தது, பிறகு கை, கடைசியாக முகம்.

"இதுதான் முதல்," என்று கீழிருந்து குரல் வந்தது.

"பொய் சொல்றீங்க," என்றாள், காலியான இருட்டுக்குள் குனிந்து. அந்தக் கேள்விகள் முதல் வீட்டிலேயே வருகிற கேள்விகள் இல்லை. ஏழெட்டு வீடாவது பார்த்தால்தான் வரும். அவளுக்கு அப்படித்தான் வந்தது.

கூண்டு கீழே போய் நின்றது. மூக்கு மறுபடி அரிக்கத் தொடங்கியது.