பின்னாலிருந்து வந்த காற்று

திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டில் இரவு வேலை முடித்து வந்து படுத்த நேரத்தில் ரமாபாய் அக்கா கதவைத் தட்டினாள். கையில் அவள் தம்பி பீம்ராவின் லேப்டாப்.

"செங்கு, இதுல கீறதெல்லாம் மொத்தமா அழிச்சிக் குடு. ஆபீஸ் வேலைக்கு வேணும்."

"வெச்சிட்டுப் போக்கா. சாயங்காலம் பண்றேன்."

"இப்பவே பண்ணு." அவள் உட்காரவில்லை. "சார்ஜே இல்லாம மூடித்தான் கெடக்குது. ஆனா மத்தியானம் ஆனா உஸ்ஸுன்னு காத்து எறங்குது. வூட்ல கண்ண மூட முடியல."

"எலியா இருக்கும்."

"எலி காத்து எறக்குமாடா? அவன் இதுல கீறானா இல்லியா, அத்த பாத்து சொல்லு. இல்லன்னா அழி. கீறான்னா தொடாத."

சாத்தாங்காட்டில் இரும்பு ஏற்றிய டிரெய்லர் மோதிப் பீம்ராவ் செத்து நான்கு மாதமாகிறது. பிணவறையில் அடையாளம் காட்டியது நான்தான். எனக்குப் பேய் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த உஸ் எனக்குத் தெரியும்.

நானும் அவனும் அவரவர் வீட்டிலிருந்து கணினியில் ரயில் ஓட்டும் ஆட்டம் ஆடுவோம், எங்கள் ஊர்த் தடத்தை நாங்களே அதில் வரைந்திருந்தோம். நான் எஞ்சினில், அவன் கடைசியில் கார்டு பெட்டியில். கார்டாக உட்கார எவனும் ஒத்துக்கொள்ள மாட்டான், ஓட்ட எதுவுமில்லை. இவனுக்கு அதுதான் பிடித்தது. ரயில் பிரேக் தலைகீழ் வேலை. வண்டி நெடுகப் போகும் குழாயில் காற்று நிறைந்திருந்தால் சக்கரம் உருளும். காற்றை வெளியேற்றினால் உஸ்ஸென்று பிரேக் பிடிக்கும். எஞ்சினிலிருந்தும் வெளியேற்றலாம், கார்டு பெட்டியிலிருந்தும் வெளியேற்றலாம்.

சார்ஜர் செருகி ஆட்டத்தைத் திறந்தேன். இணையம் இல்லை, வெளியிலிருந்து யாரும் சேர முடியாது. அவன் கடைசியாகச் சேமித்த வண்டி அத்திப்பட்டில் நின்றது. நிலக்கரிப் பெட்டிகள், எஞ்சின் கழற்றியிருந்தது. குழாயின் இரு முனையையும் அடைத்துக் காற்றை உள்ளேயே வைத்திருந்தான். திரையில் 'கார்டு: காலி' என்று இருந்தது.

"யாரும் இல்லக்கா."

"ஓட்டு. பாக்கலாம்."

எஞ்சினைக் கோர்த்தேன், குழாயை இணைத்தேன், கிளம்பினேன். எண்ணூர் தாண்டிக் கத்திவாக்கம். இடப்பக்கம் நாங்கள் வரைந்த கடல் அசையாமல் கிடந்தது. அலை வரைய எங்களுக்குத் தெரியவில்லை.

திருவொற்றியூருக்கு முன் சிவப்பு சிக்னல். அதற்கப்பால் ஒரு பயணிகள் வண்டி நின்றது. பிரேக் கைப்பிடியை இழுத்தேன். காற்றழுத்தம் காட்டும் முள் சட்டென்று விழுந்தது.

நீள வண்டியில் முள் அப்படி விழாது. மெல்ல இறங்கும். எஞ்சின் குழாயில் மட்டும்தான் காற்று போயிருக்கிறது. இந்த ஆட்டம் ஆடுகிறவர்கள் எல்லோரும் செய்யும் தப்புதான்: குழாயை இணைத்துவிட்டு நடுவிலிருக்கும் அடைப்பைத் திறக்க மறப்பது. கிளம்புவதற்குமுன் பீம்ராவ் பின்னால் கொஞ்சம் காற்றைத் திறந்துவிடுவான். என் முள் அசையாவிட்டால், "மாமு, அடப்ப தொறடா சோமாறி" என்று போனில் கத்துவான். இன்று கத்த ஆளில்லை.

"இன்னாடா ஆச்சி?"

"நிக்காதுக்கா. பின்னாடிப் பெட்டிக்கு பிரேக்கு போகல. தள்ளிகினு வருது."

சிவப்பு எங்களைக் கடந்தது. முன்னால் நின்ற வண்டியின் கடைசிப் பெட்டி பெரிதாகிக்கொண்டே வந்தது.

அப்போது கேட்டது. உஸ்.

நான் பிடிக்கும் பிரேக் முன்னாலிருந்து பின்னால் போகும். இது வெகுதூரத்தில், கடைசியில் கிளம்பியது. ஒவ்வொரு பெட்டியாக எங்களை நோக்கி வந்தது. உஸ், உஸ், உஸ். முடிவில் என் காதுக்குப் பின்னால் கேட்டது, லேப்டாப்பில் அல்ல, அறையில். வண்டி முனகி நின்றது. முன்னால் இருந்த பெட்டிக்கும் எங்களுக்கும் நடுவே ஓர் ஆள் நுழையலாம்.

கைப்பிடி என் கையில்தான் இருந்தது. திரையில் இன்னமும் 'கார்டு: காலி'.

"நீயா நிறுத்துன?" என்றாள் அக்கா.

பொய் சொல்லியிருக்கலாம். "நான் இல்ல."

எஞ்சினை விட்டு இறங்கி நடந்து போய்ப் பார்க்க ஆட்டத்தில் வழி உண்டு. இறங்கினேன். கரிப்பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. காற்று இறங்கும் சத்தம் கூடிக்கொண்டே வந்தது. கடைசியில் கார்டு பெட்டி தெரிந்தது. அதன் கதவு திறந்திருந்தது. திறக்கும் கதவை நாங்கள் வரையவே இல்லை.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போதும். பாக்காத."

"அப்ப அழிக்கலியா?"

"வண்டி நின்னுச்சி இல்ல?"

"நின்னுடுச்சிக்கா."

"அப்ப எறங்கட்டும். எத்தினி நாளுதான் ஒண்டியா பொட்டில குந்திகினு இருப்பான்? அழிச்சிடு."

அழித்தேன். திரை வெறுமையானதும் அவள் லேப்டாப்பை எடுத்து இடுக்கிக்கொண்டாள்.

வாசலில் போய் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றாள், யாருக்கோ வழி விடுவதுபோல. கொஞ்ச நேரம் நின்றாள். நானும் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.