கண்ணாடிப் படகின் மூட்டம்

கரையில் கழுவும்போது பளிங்காக இருக்கும் கண்ணாடி, பவளப்பாறைக்குப் போய்ச் சேர்வதற்குள் பால் குடித்த டம்ளர்போல் ஏன் வெளுத்துவிடுகிறது? படகுக்காரருக்கு அது மட்டும் பிடிபடவே இல்லை.

படகின் அடியில் கதவகலத்துக்குக் கண்ணாடி பதித்திருந்தது. அதைச் சுற்றிலும் முழங்கால் உயர மரச்சட்டம். சட்டத்தில் கையூன்றிக் குனிந்தால் கடலடி தெரிய வேண்டும். முன்பெல்லாம் தெரிந்தது. பிள்ளைகள் சட்டத்தைத் தாண்டி இறங்கி, மணற்காலோடு மீன்களின்மேல் நடப்பதாகக் குதிப்பார்கள். அந்தக் கும்மாளத்துக்காகவே அவர் தடுத்ததில்லை.

இந்தப் பருவத்தில் வெறும் வெண்மூட்டம்தான். சோப்புப் போட்டார், எலுமிச்சை தேய்த்தார், சாம்பலும் போட்டுப் பார்த்தார். பிறகு குழந்தையைத் துவட்டுவதுபோல் ஈரத்தை ஒற்றியெடுத்து, கோணி விரித்து மூடுவார். படகுக்குள் தண்ணீர் நிற்பது ஓட்டுகிறவனுக்கு இழுக்கு என்பது அவர் எண்ணம்.

தீவுக்கு வருகிறவர்கள் தங்குவது அவர் மனைவியின் அண்ணன் விடுதியில். வரவேற்பறைப் பலகையில் மூன்று வரி: காலையில் கலங்கரை விளக்கம் ஏறலாம், மதியம் படகுத்துறையில் சுடச்சுட வறுத்த மீன் தின்னலாம், பிறகு கண்ணாடிப் படகில் பவளம் பார்க்கலாம். மீன் வறுப்பது படகுக்காரரின் மனைவி. மூன்றில் இரண்டு வரி ஒரே வீட்டுச் சோறு.

அன்று மைத்துனர் துறைக்கே வந்துவிட்டார். “மாப்பிள்ளை, போனவங்க எல்லாம் மேகம் பாத்துட்டு வந்தோம்னு சொல்றாங்க. மேகம் பாக்க அண்ணாந்தா போதுமே, படகு எதுக்கு? இன்னைக்குப் போறவங்களும் அதையே சொன்னா, அந்த வரியை அழிச்சிடுவேன். தங்கச்சி வீட்டுக்காரர்னு நானும் எவ்வளவுதான் தாங்குறது?”

படகுக்காரர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் எண்ணெயில் கிடந்த மீனைப் புரட்டிப்போட்டாள். அண்ணனையும் விட முடியாது, இவரையும் விட முடியாது. பாவம், மீனையாவது புரட்டலாம்.

பாறைக்கு மேல் நங்கூரம் போட்டுக் கோணியை விலக்கியபோது அதே மூட்டம். விருந்தாளிகள் குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள். மீன் பொட்டலத்தோடு வந்திருந்த பருத்த அம்மாள் அதைப் பிரித்தபடி, “தம்பி, மீனெல்லாம் இந்தப் பொட்டலத்துலதான் இருக்கு போல” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார். வேறென்ன செய்வது?

பட்ட காலிலே படும் என்பார்கள். வெயில் அடிக்கும்போதே மழையும் பிடித்துக்கொண்டது. கூரை இருந்தும் சாரல் பக்கவாட்டில் அடித்தது. விருந்தாளிகள் ஒரு மூலையில் ஒடுங்கினார்கள். தீவு மழை வந்த வேகத்தில் விட்டபோது சட்டத்துக்குள் தண்ணீர் தேங்கியிருந்தது. பலகையில் தன் வரி அழிவதை மனக்கண்ணால் பார்த்துக்கொண்டே, இறைக்கத் தகரக் குவளையை எடுத்துக் குனிந்தார்.

“கையை எடுங்க தம்பி, மறைக்குது” என்றாள் அந்த அம்மாள்.

கீழே மஞ்சள் வரி மீன்கள் கூட்டமாகத் திரும்பின. பவளக் கொம்புகள் ஒவ்வொன்றும் தெரிந்தன.

அவர் நம்பவில்லை. சட்டத்துக்குள் தண்ணீரை ஒரு மூலையிலிருந்து கையால் ஒதுக்கித் துணியால் துடைத்துப் பார்த்தார். அந்த மூலை மட்டும் வெளுத்தது. கையை எடுத்ததும் தண்ணீர் திரும்பி வந்தது, மூலை தெளிந்தது. விரலை வைத்துத் தடவியபோது நெருடியது. மணற்கால்களும் சாம்பலும் போட்ட மயிரிழைக் கீறல்கள். காய்ந்த கீறல் வெளிச்சத்தைச் சிதறடிக்கும், அதுதான் மூட்டம். தண்ணீர் கீறலை நிரப்பிவிட்டால் வெளிச்சம் நேராகப் போகும். கண்ணாடியின் அடிப்பக்கத்தைக் கடலே நிரப்பி வைத்திருந்தது. மேல்பக்கத்தைத்தான் அவர் பார்த்துப் பார்த்துத் துடைத்துக் காயவைத்திருக்கிறார். கரையில் பளிங்காகத் தெரிந்ததும் கழுவிய ஈரத்தால்தான்.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான்: கண்ணாடியைத் துடைக்கக் கூடாது, சட்டத்துக்குள் ஒரு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி அப்படியே நிற்கவிட வேண்டும்.